பூட்டிய வீட்டின் தண்ணீர்

வயிற்றுப்போக்கு நாற்பத்தேழு சதவீதம் குறைந்தது
என்கிறது கட்டுரையின் சுருக்கம்.
சுருக்கத்தை நான் ஒருநாளும் முழுதாய் நம்புவதில்லை.
மாப்பிள்ளையின் சம்பளத்தைத் தரகர் சொல்லும்போது
தலையாட்டிக்கொள்வோமே, அப்படி.

தொரப்பாடியில் இரவு பதினொன்று.
மின்விசிறி வெந்நீரைத் துழாவுவதுபோலக்
காற்றைத் துழாவுகிறது.
அனுப்புமுன் சரிபார்க்கச் சொல்லி என் மேசைக்கு வந்த
முப்பத்திரண்டு பக்கம்.
பேரணாம்பட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடு.
பாதிக்குக் குளோரின் சொட்டு.
பாதிக்கு ஒன்றுமில்லை,
வெறும் தண்ணீர் அடைத்த போலிப் புட்டிகூட.

அட்டவணை மூன்று.
எஞ்சிய குளோரின், லிட்டருக்கு மில்லிகிராமில்:
0.5, 0.5, 0.5,
எங்கோ ஒரு 0.2, வெட்கப்பட்டதுபோல,
மறுபடி 0.5.
பஸ்ஸே ஓடாத கடையடைப்பு நாளில்
முப்பத்தாறு வீட்டில் அளந்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர்ச் சொலவடையில்
ஆற்றுக்கு நீர் கிடையாது.
இந்த அட்டவணையில்
நீருக்குப் பிழை கிடையாது.
முன்னதைப் பாலாற்றுப் பாலத்தில் நின்று
பார்த்துக்கொள்ளலாம்.
பின்னதை?

கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில், ஓர் அடிக்குறிப்பு:
நாற்பத்தொரு வீடுகள் தொடர்பில் இல்லை.

ஞாயிறன்று குடியாத்தம் வழியாகப் போனேன்.
ரேஷன் பையில் மூல நோட்டுகளோடு
பஸ் நிலையத்தில் நின்றாள் ஹெப்சிபா.
இரண்டு வருடம் வீடுவீடாய்ப் போனவள்.
கட்டுரையில் அவள் பெயர் நன்றியுரையிலும் இல்லை;
'களப்பணியாளர்கள்' என்ற பன்மையில் இருக்கிறாள்.

"பூட்டிக் கீற வீட்ல தண்ணிய
எங்கக்கா போய் அளக்குறது?
வீட்டுக்குப் பன்னெண்டு ரூபா.
பூட்டுன வீட்டுக்குக் காசு இல்ல."
சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.
நான் நோட்டைப் பார்த்தேன்.
பென்சில் 0.5கள்
ஒரே மூச்சில் எழுதியவைபோலச் சாய்ந்திருந்தன.

எண்பத்தெட்டாம் வீடு.
ஷாகிராவுக்கு ஷூ கம்பெனியில் இன்று விடுமுறை.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து
சொட்டுப் புட்டியை எடுத்துக் காட்டினாள்.
அடியில் விரல் கனம்தான் மிச்சம்.
மகிழப் போனேன். அவள் சிரித்தாள்:
"டீ போட்டா ஆஸ்பத்திரி வாசன அடிக்குது.
பையனோட ஸ்கூல் சாக்ஸுக்கு ஊத்துறேன்.
பாருங்க, எப்படி வெளுப்பா கீது."

கொடியில் ஆடின இரண்டு சாக்ஸ்,
நான் பார்த்த தரவுகளிலேயே தெளிவானவை.

குழந்தைக்கு அப்போது பேதி உண்டா என்று கேட்டேன்.
இருந்தது, ரெண்டு தடவை.
நோட்டில் இல்லையே?
"வெயில்ல வந்து மருந்து கொடுத்துட்டுப் போற பொண்ணு.
அதுங்கிட்ட
உன் மருந்து வேலைக்காகலன்னு
எப்படிங்க சொல்றது?"

நாற்பத்தேழில் எத்தனை சதவீதம்
இந்த மரியாதை?
பின்னோக்கிக் கணக்கிட
என்னிடம் சூத்திரம் இல்லை.

ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.
குடிக்குமுன் ஒரு நொடி தயங்கினேன்.
அதை ஹெப்சிபா பார்த்தாள், ஷாகிராவும் பார்த்தாள்.
குடித்தேன். பாறை உப்பு ருசி.
வாசனை எதுவும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில்
'மோசடி' என்று எழுதி அடித்தேன்.
'கவனக்குறைவு' என்று எழுதி அதையும் அடித்தேன்.
அந்த நாற்பத்தொரு வீடும் எங்கும் போய்விடவில்லை.
விடிகாலை ஆறரைக்குக் கம்பெனி வண்டி ஏறுகிறவர்கள்,
இருட்டிய பிறகு குடம் நிரப்புகிறவர்கள்.
பகலில் திறந்திருந்த கதவுகள் மட்டுமே
கட்டுரைக்குள் நுழைந்திருக்கின்றன.
சொட்டு நல்லதாகவே இருக்கலாம்.
யாருக்கு என்பதுதான் அச்சில் இல்லை.

பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது
அட்டவணை மூன்றின் ஓரத்தில்
ஒரே கேள்வி எழுதினேன்,
பஸ் குலுங்கியதில் கோணலாக:

கதவைத் தட்டியது
எத்தனை மணிக்கு?